அடுத்த மருந்து இருக்கா என்று கேட்பதற்கு முன்

"இனிக் கீமோவால் பெரிய பிரயோசனம் இருக்காது" என்று டொக்டர் சொன்ன பிறகு என்ன செய்வது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நோய் வந்த புதிதில் ஆலோசனைக்குக் குறைவே இல்லை. கீமோவுக்குப் போகும்போது எதைக் கொண்டுபோவது, எந்த வரிசையில் நிற்பது எல்லாம் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் பக்கத்து வாங்கில் இருப்பவரே சொல்லிவிடுவார். மருந்துகள் ஒவ்வொன்றாகக் கைவிடத் தொடங்கும்போதுதான் எல்லோரும் வாயடைத்துப் போகிறார்கள். நான் வெள்ளவத்தையில் அம்மாவோடு இருந்தவள். அண்ணா கனடாவில், என் கணவர் கட்டாரில். ஃபோனில் ஆளுக்கொரு முடிவு சொன்னார்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது நான் ஒருத்திதான். அந்த மாதங்களில் கையை விட்டுப் போன பணம் 20 இலட்சத்துக்குக் கிட்ட வரும். பணத்தைவிட, அம்மா தெம்பாக இருந்த சில வாரங்கள் அலைச்சலில் போனதுதான் இன்றைக்கும் நெஞ்சை அறுக்கிறது. நான் டொக்டர் இல்லை. ஆனாலும் அதே இடத்தில் இப்போது நிற்கிற ஒருவருக்கு இது முன்கூட்டியே தெரிந்தால் நல்லது என்று எழுதுகிறேன்.

அம்மாவுக்கு சூலகப் புற்றுநோய். 2021 கடைசியில் வயிறு வீங்கிப் போய்க் காட்டியபோதே மூன்றாம் கட்டம். மகரகம அபேக்ஷா ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை, அப்புறம் கார்போபிளாட்டின், பக்லிடாக்செல் என்ற இரண்டு கீமோ மருந்துகள். அது 2022. பெற்றோல் வரிசை, மின்வெட்டு, மருந்துத் தட்டுப்பாடு எல்லாம் ஒன்றாக வந்த வருடம். ஓட்டோக்காரரைக் கெஞ்சிக் கிருலப்பனை வரை போய், அங்கிருந்து 138 பஸ்ஸில் மகரகமவுக்குப் போயிருக்கிறோம். அதையெல்லாம் தாண்டி அம்மா நன்றாக எழும்பினார். 2023இல் நோய் திரும்பியது, மறுபடி கார்போபிளாட்டின், மறுபடி எழும்பினார். மூன்றாவது தடவை, சிகிச்சை முடிந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, நோயின் போக்கைக் காட்டுகிற சிஏ 125 என்ற இரத்தப் பரிசோதனை எண் ஏறத் தொடங்கிவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சூலகப் புற்றுநோயில் கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டினம் வகை மருந்து முடிந்து 6 மாதத்துக்குள் நோய் திரும்பினால், அது பிளாட்டினத்துக்கு அடங்காத நோய் என்று கணக்கெடுக்கிறார்கள். அதற்குப் பிறகும் மருந்துகள் இருக்கின்றன. ஆனால் அவை கேட்பது குறைந்த பேருக்கு, கேட்டாலும் சில மாதங்களுக்கு. வேறு புற்றுநோய்களிலும் இப்படி ஒரு திருப்பம் ஏதாவது இருக்கும். நோய் முதல்தடவை திரும்பும்போதே "எந்தக் கட்டம் வந்தால் நீங்கள் வேறு மாதிரி யோசிக்கத் தொடங்குவீர்கள்?" என்று டொக்டரிடம் கேட்டு வையுங்கள். மனம் ஓரளவு நிதானமாக இருக்கும்போது அந்தப் பதிலைக் கேட்பதும், எல்லாம் இடிந்த நாளில் கேட்பதும் ஒன்றல்ல.

மகரகம டொக்டர் நிதானமாகத்தான் பேசினார். வாரம் ஒருதடவை குறைந்த அளவில் பக்லிடாக்செல் கொடுத்துப் பார்க்கலாம், இல்லாவிட்டால் கீமோவை விட்டு உபாதையைக் குறைக்கும் சிகிச்சைக்குப் போகலாம் என்றார். அண்ணாவுக்கு அது போதவில்லை. கொழும்பிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேறொரு டொக்டரைச் சனல் பண்ணச் சொன்னான். அங்கே பத்து நிமிடத்துக்குள் "பெவாசிசுமாப் ஏற்றலாம்" என்று பதில் கிடைத்தது. கட்டிக்குப் புது இரத்தக் குழாய் வளராமல் தடுக்கிற மருந்து அது. ஒரு தடவை ஏற்ற 2 இலட்சத்துக்கு மேல். வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்த மாதிரி இருந்தது. அண்ணா அன்றிரவே பணம் அனுப்பினான்.

அந்த ரிப்போட்டை எடுத்துக்கொண்டு மகரகமவுக்கே திரும்பிப் போனேன். அங்குள்ள டொக்டர் கோபிப்பார் என்று பயந்தேன், கோபிக்கவில்லை. சிடி ஸ்கானை வெளிச்சத்தில் பிடித்து, குடல் தடித்திருந்த இடத்தைப் பேனை முனையால் வட்டமிட்டுக் காட்டினார். அந்த மருந்தைக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வு 2014இல் வெளிவந்தது. நோய் வளராமல் நின்ற காலம் 3.4 மாதத்திலிருந்து 6.7 மாதத்துக்குக் கூடியது உண்மை. ஆனால் ஆட்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று அது உறுதியாகக் காட்டவில்லை. அதைவிட முக்கியம், குடலில் நோய் பரவியவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அந்த மருந்தால் குடலில் ஓட்டை விழுகிற ஆபத்து இருக்கிறது. அம்மாவைப் போன்ற ஒருவருக்கு அந்த 6.7 மாதக் கணக்கு பொருந்தாது என்று அவர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. அண்ணா அனுப்பிய பணத்தைத் திருப்பி அனுப்பவில்லை, வங்கியில் போட்டு வைத்தேன். பிறகு அதுதான் உதவியது.

"வேறு மருந்து இருக்கா?" என்று கேட்டால் எங்கேயாவது ஒருவர் "இருக்கு" என்றுதான் சொல்வார். அந்தக் கேள்வி எங்களை எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது. நான் பிறகு ஒரு கொப்பியில் எழுதி வைத்துக் கேட்ட கேள்விகள் வேறு. இந்த மருந்து எதற்கு, குணமாக்கவா, காலத்தை நீட்டவா, உபாதையைக் குறைக்கவா? அம்மா மாதிரி நிலையில் இருக்கிற பத்துப் பேருக்குக் கொடுத்தால் எத்தனை பேருக்குக் கேட்கும், கேட்டால் எவ்வளவு காலத்துக்கு? அந்தக் காலத்தில் எவ்வளவு நேரம் ஆஸ்பத்திரியில் போகும்? கொடுக்காமல் விட்டால் அடுத்த இரண்டு மாதம் எப்படி இருக்கும்? எதைப் பார்த்து இதை நிறுத்துவோம்? கடைசிக் கேள்வியைத் தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள். தொடங்கிய பிறகு நிறுத்துவதற்கு ஒருவருக்கும் மனம் வராது.

இன்னொன்று, கிளினிக்கில் சாதாரணமாகக் கேட்பதுபோல் ஒரு கேள்வி வரும்: "பகலில் எவ்வளவு நேரம் படுத்திருக்கிறார்?" அது நலம் விசாரிப்பது இல்லை. ஈகொக் என்று 0 முதல் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். விழித்திருக்கிற நேரத்தில் பாதிக்கு மேல் கட்டிலிலோ கதிரையிலோ போகிறது என்றால் அது 3, முழுக்கப் படுக்கை என்றால் 4. அந்த நிலையில் கீமோ பெரும்பாலும் நன்மையைவிடத் தீமைதான் செய்யும் என்பதால் டொக்டர்மார் தயங்குவார்கள். வீட்டுக்காரர் நாங்களோ கீமோ இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் "நல்லா நடக்கிறா, நல்லா சாப்பிடுறா" என்று கூட்டிச் சொல்வோம். பக்கத்தில் இருந்த எத்தனையோ குடும்பங்கள் அப்படிச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தாங்காத உடம்பில் மருந்தை ஏற்றினால் வதைபடுவது நாங்கள் இல்லை.

இந்தப் பேச்செல்லாம் நடக்கும்போது அம்மா பக்கத்திலேயே இருந்தார். டொக்டர் ஆங்கிலத்தில் சொல்வார், தாதி மிஸ் சிங்களத்தில் சொல்வார், அம்மா என் முகத்தைப் பார்த்து "என்னவாம் பிள்ளை?" என்பார். பெரியம்மாவும் அண்ணாவும் "ஒண்டும் சொல்லாத, மனசு உடைஞ்சுபோவா" என்று எனக்குக் கட்டளையே போட்டிருந்தார்கள். அன்று திரும்பி வரும்போது ஓட்டோவில் அம்மாவே கேட்டார். "முப்பது வருசம் படிப்பிச்சனான். ஒரு பிள்ளை ஒளிக்குதெண்டா முகத்தில தெரியாதோ? சொல்லு." நுகேகொடை சந்தியில் வாகன நெரிசல், நகர வழியில்லை. இருந்த இடத்திலேயே சொன்னேன். பெவாசிசுமாப், குடல், வாராந்தக் கீமோ, எதுவும் செய்யாமல் விடுவது, எல்லாவற்றையும்.

அவர் அழவில்லை. எவ்வளவு காலம் என்றும் கேட்கவில்லை. "அந்த வாராந்த மருந்து கை விறைக்கப் பண்ணுமோ?" என்றார். முதல்தடவை பக்லிடாக்செல் எடுத்தபோது விரல் நுனி விறைத்தது, சட்டைப் பொத்தான் போட நான்தான் வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீரகேசரி வந்தால் குறுக்கெழுத்தை முடிக்காமல் அம்மா மதியம் சாப்பிட மாட்டார். "கொஞ்ச நாள் எடுத்துப் பாப்பம். பேனை பிடிக்கேலாமல் வந்தால் நிற்பாட்டிப்போடு" என்றார். அடுத்த கிளினிக்கில் அதை அப்படியே டொக்டரிடம் சொன்னேன். அவர் கிளினிக் கொப்பியில் எழுதிக்கொண்டார். இரண்டு மாதம் கொடுத்துப் பார்ப்பது, சிஏ 125 இறங்காவிட்டாலோ கை விறைத்தாலோ நிறுத்துவது. இந்த ஒரு வசனத்துக்குப் பிறகு அண்ணாவோடு எனக்கிருந்த பாதிச் சண்டை முடிந்தது. முடிவு என்னுடையது இல்லை, அம்மாவுடையது என்று சொல்ல எனக்கு ஆதாரம் இருந்தது. நோயாளி விவரம் அறிய விரும்பாதவர் என்றால் அதுவும் அவர் உரிமை, ஆனால் அதையும் அவரிடமே கேட்க வேண்டும்.

இருந்தாலும் சென்னைக்குப் போனோம். இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் இது கிட்டத்தட்டச் சடங்கு மாதிரி, போகாவிட்டால் ஊர் பேசும். அண்ணாவுக்கு நெஞ்சில் ஒரு முள் மிஞ்சும் என்று அம்மாவே சம்மதித்தார். கொழும்பில் இருந்த ஒரு முகவர் எல்லாம் ஒழுங்கு செய்து தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கினார். அங்கே போனபோது டொக்டரைப் பார்க்க நேரமே பதிவாகியிருக்கவில்லை. முகவர் ஃபோன் எடுப்பதை நிறுத்திவிட்டார். வாடகை அறை, மறுபடி இரத்தப் பரிசோதனை, மறுபடி ஸ்கான், ஓட்டோ, சாப்பாடு என்று 7 இலட்சம் வரை போனது. கடைசியில் பார்த்த டொக்டர் அம்மாவின் கோப்பை முழுக்கப் படித்துவிட்டு, "உங்க ஊர் டாக்டர் சொன்னதைத்தான் நானும் சொல்வேன். அதே மருந்து அங்கேயே கிடைக்குதே, வீட்டுக்குப் போங்கம்மா" என்றார். அந்த மனிதருக்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் ஆள் போகாமல் ரிப்போட்டுகள் போகட்டும். சிடி ஸ்கானின் சீடி, பயொப்சி ரிப்போட், இதுவரை கொடுத்த மருந்துகளின் பெயரும் திகதியும், கடைசி இரத்தப் பரிசோதனைகள், இவற்றை வைத்துக்கொண்டே பல ஆஸ்பத்திரிகள் இரண்டாவது அபிப்பிராயம் தருகின்றன. பயொப்சித் துண்டு பதிந்த மெழுகுக் கட்டியை இங்குள்ள ஆய்வுகூடத்தில் கேட்டு வாங்கி அனுப்பலாம். அதில் மரபணுப் பரிசோதனை செய்து, வேறு மருந்து பொருந்துமா என்றும் பார்க்கலாம். அங்கே இருக்கிற சிகிச்சை இங்கே இல்லை என்று எழுத்தில் வந்தால் மட்டும் டிக்கெட் போடுங்கள். ஆஸ்பத்திரியை நேரடியாகத் தொடர்புகொள்ளுங்கள், இடையில் ஆள் வேண்டாம். சிகிச்சைக்கான விசா நோயாளிக்கு வேறு, கூடப் போகிறவருக்கு வேறு. வயிற்றில் நீர் கட்டியிருப்பவர் பறக்கலாமா என்று எழுதி வாங்குங்கள். சொல்லவே கூசுகிற ஒன்றையும் யோசியுங்கள்: அங்கே உயிர் போனால் உடலைக் கொண்டுவர என்னென்ன பத்திரங்கள், எவ்வளவு செலவு என்று. அம்மாவுக்கு அங்கே ஒருநாள் இரவு மூச்சு வாங்கியபோது, அந்த வாடகை அறையில் எனக்கு ஓடியது அந்த எண்ணம் ஒன்றுதான்.

அண்ணா இரவிரவாகத் தேடிய மருந்துப் பரிசோதனைகளைப் பற்றியும் இரண்டு வரி. புது மருந்தின் முதல் கட்டப் பரிசோதனை பெரும்பாலும் எவ்வளவு அளவு பாதுகாப்பானது என்று பார்க்கத்தான். எடுப்பவர்கள் பெரும்பாலும் நல்ல தெம்பாக நடமாட வேண்டும், அந்த ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போய்வர முடிய வேண்டும். அம்மா இரண்டுக்கும் பொருந்தவில்லை.

சென்னையால் வந்த பிறகு ஒரு சொந்தக்காரர் வற்புறுத்தி ஒரு பொடி வாங்கித் தந்தார். "எத்தனையோ பேருக்குச் சுகமாக்கினது" என்றார்கள். மூன்று மாதப் பொதிக்கு 1.5 இலட்சம். அடுத்த இரத்தப் பரிசோதனையில் ஈரல் எண்கள் ஏறியிருந்தன, கீமோவை இரண்டு வாரம் தள்ளிவைத்தார்கள். நேர்த்தி வையுங்கள், கதிரேசன் கோயிலுக்கோ கொச்சிக்கடை அந்தோனியாரிடமோ போங்கள், நாங்களும் போனோம், மனதுக்குப் பலம் கிடைத்தது. வாய்க்குள் போகிற எதையும் மட்டும் டொக்டரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். என்ன கலந்திருக்கிறது என்று எழுதியிராத பொதிக்கு முன்பணம் கேட்டால் அங்கேயே எழும்பி வந்துவிடுங்கள்.

வாராந்த மருந்து சில வாரங்கள் வயிற்று நீரைக் குறைத்தது. அம்மா மாடிப்படி இறங்கிக் கடற்கரை வரைகூட வந்தார். பிறகு எண் மறுபடி ஏறியது, நாங்கள் எழுதி வைத்தபடி நிறுத்தினோம். வலியையும் உபாதையையும் கவனிக்கும் பெலியேட்டிவ் பிரிவுக்கு அனுப்பியபோது வீட்டில் "கைவிட்டுட்டாங்கள்" என்று ஒரே அழுகை. அது கைவிடுவது இல்லை. 2010இல் அமெரிக்காவில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் செய்த ஓர் ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு இந்தக் கவனிப்பையும் ஆரம்பத்திலேயே பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், பெறாதவர்களுக்கு 8.9 மாதம். அவர்கள் மனச்சோர்வும் குறைவாகத்தான் இருந்தது. அம்மாவின் நோய் வேறு என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கிளினிக்குக்குப் போன பிறகுதான் அம்மா இரவு முழுக்கத் தூங்கினார் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். கீமோ நடக்கும்போதே அங்கேயும் ஒரு சீட்டுக் கேளுங்கள்.

மோஃபின் என்றால் எங்கள் ஆட்கள் பதறுவார்கள். அது கடைசி மூச்சுக்குக் கொடுக்கிற மருந்து இல்லை, அதற்கு அடிமையாகிப் போவார் என்று இந்த நிலையில் கவலைப்படவும் தேவையில்லை. நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும், வலி ஏறிய பிறகு அல்ல. மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதற்கான மருந்தையும் முதல்நாளே கேளுங்கள். குடல் அடைப்பு இருந்தால் மட்டும் அதை டொக்டர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். வாந்தியால் எதுவும் உள்ளே போகாவிட்டால் தோலுக்கடியில் ஊசியாகக் கொடுக்கிற வழி இருக்கிறது, அதை முன்பே பேசி வையுங்கள். இது தெருமுனை ஃபார்மசியில் கிடைக்கிற மருந்து அல்ல. போயா தினமும் சனி ஞாயிறும் சேர்ந்து வந்த ஒரு வாரத்தில் எங்களிடம் குளிசைகள் தீர்ந்துபோய், அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். கலண்டரில் போயாவைப் பார்த்து, முந்தின கிளினிக்கிலேயே சேர்த்து வாங்குங்கள்.

வங்கியில் போட்டு வைத்திருந்த அந்தப் பணம் இந்த நாட்களுக்குத்தான் போனது. தலைப்பக்கம் உயர்த்துகிற கட்டில் வாடகைக்கு, படுக்கைப்புண் வராமல் காற்று மெத்தை, இரவில் ஒரு பெண் துணைக்கு, நான் சம்பளமில்லாமல் எடுத்த லீவுக்கு. செலவழித்த பணத்தில் இது ஒன்றுதான் அம்மாவின் உடம்புக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது என்று நினைக்கிறேன். கையில் இல்லாதவர்கள் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். வீட்டில் வைத்துப் பார்க்கவே வழியில்லை என்றால் மகரகமவில் புற்றுநோய்ச் சங்கம் நடத்துகிற சாந்த சேவனா என்ற பராமரிப்பு இல்லம் இருக்கிறது. முடியாமல் போன பிறகு ஓடாமல், முன்பே போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.

எங்கே உயிர் போக வேண்டும் என்பதையும் அம்மாவிடமே கேட்டேன். வீட்டில் என்றார். அதற்கு ஆயத்தம் வேண்டும். பதற்றத்தில் யாராவது 1990 ஐ அழைத்தால் அம்புலன்ஸ் வரும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும், அது அவர்கள் கடமை. எதற்கு அழைப்பது, எதற்கு அழைக்காமல் கிளினிக் தந்த நம்பருக்குப் பேசுவது என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். வீட்டில் இறந்தால் காரணத்தை யார் எழுதித் தருவார் என்று வழமையாகப் பார்க்கிற டொக்டரிடம் முன்பே பேசுங்கள், கிராம சேவகருக்கும் நிலைமையைச் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் அந்த நேரத்தில் மரண விசாரணை என்று அலைய வேண்டி வரலாம்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால், அவர்களை எப்போது வரச்சொல்வது என்று டொக்டரிடம் நேராகவே கேளுங்கள். "கடைசிக்கு வா" என்று காத்திருந்தால் பேச்சு மங்கிய ஆளைத்தான் பார்ப்பார்கள். நான் கேட்டபோது டொக்டர் "இந்த மாதத்துக்குள்" என்றார். அண்ணா வந்தான். பத்து நாள் அம்மாவோடு குறுக்கெழுத்துப் போட்டான், தமிழ்ச் சொற்களை மறந்துவிட்டான் என்று ஏச்சும் வாங்கினான். திரும்பிப் போகும்போது சென்னையைப் பற்றியோ அந்தப் பெவாசிசுமாப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை.

மிஞ்சிய மோஃபினை எட்டுச் செலவு முடிந்த பிறகு கிளினிக்கில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதை வைத்திருக்க வேண்டாம், குப்பையிலும் போட வேண்டாம். காற்று மெத்தையை அங்கேயே ஒரு மிஸ்ஸிடம் கேட்டு, பதுளையிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தோம்.